கேட்ட மாதிரி டைப் பண்ணா சரியான ஸ்பெல்லிங் வரணும் – சவுண்டெக்ஸ் போதாதா?

கோட்கிறுக்கன்:
இங்கிலீஷ் வார்த்தையை காதுல விழுந்தபடி டைப் பண்ணா நிஜ ஸ்பெல்லிங்கை எடுத்துக் குடுக்கற மாதிரி பைத்தான்ல ஒண்ணு எழுதறேன். ஒரே மாதிரி ஒலிக்கற வார்த்தைக்கு ஒரே குறியீடு குடுக்கற சவுண்டெக்ஸ் முறையைப் போட்டா முடிஞ்சுதுன்னு நினைக்கறேன், 1918லயே பேட்டன்ட் ஆன சமாச்சாரம், கோடும் ரொம்ப சின்னது. வேற எதுக்கு மெனக்கெடணும்?

அகராதிப்பூனை:
அது ஆளுங்க பேரைத் தேடறதுக்கு வந்ததுங்க. முதல் எழுத்தை அப்படியே வச்சுக்கும். ஃபோனை எஃப் போட்டு டைப் பண்ணா வர்ற குறியீடு எஃப்500, அசல் ஸ்பெல்லிங் பிஹெச்ல ஆரம்பிக்கறதால பி500. ஜென்மத்துக்கும் சேராது.

கோட்கிறுக்கன்:
அப்ப மெட்டாஃபோன், அதுவும் ஒலியை வச்சு குறியீடு போடறதுதான். பிஹெச்சை எஃப்ஆ மாத்திடும், குதிரைவீரன் நைட் (knight) முன்னாடி வர்ற கே-யையும் முழுங்கிடும்.

அகராதிப்பூனை:
முதல் எழுத்தைத் தவிர மத்த உயிரெழுத்தையும் சேர்த்து முழுங்குமே! பிட், பெட், பேட், பூட், போட் எல்லாத்துக்கும் ஒரே சாவி (குறியீடு), இதுல யூசர் கேட்டது எதுன்னு எப்படிச் சொல்வீங்க? கார்னெகி மெலன் உச்சரிப்பு அகராதி இலவசமா கிடைக்குது, லட்சத்துக்கு மேல வார்த்தை இருக்கு, அதைத் தலைகீழா திருப்பி ஒலி வரிசையை சாவியாவும் வார்த்தைகளை லிஸ்ட்டாவும் போடுங்க, உயிரொலி பக்கத்துல 0, 1, 2ன்னு அழுத்தக்குறி ஒட்டியிருக்கும், அதை மட்டும் உருவிட்டா போதும்.

மாடல்மணி:
அகராதில இல்லாத பேர் வந்தா? யூசர் வி-க்கு பதிலா டபிள்யூ சொன்னா? கையை விரிச்சுடும். அதே அகராதியை வச்சு ஒலில இருந்து எழுத்துக்கு மாத்த ஒரு மெஷின் லேர்னிங் மாடல் ட்ரெயின் பண்ணுங்க, புதுசா எது வந்தாலும் ஏதோ ஒண்ணு சொல்லும்.

அகராதிப்பூனை:
ஏதோ ஒண்ணு சொல்றதுதான் பிரச்சனையே, இல்லாத வார்த்தையையும் கூசாம சொல்லும். ஒலி மாறினா எடிட் டிஸ்டன்ஸ், அதாவது ஒண்ணை இன்னொண்ணா மாத்த எவ்வளவு திருத்தம் வேணும்ங்கற கணக்கு, போடலாம்ல, வி டபிள்யூ மாதிரி நெருக்கமான ஜோடிக்கு கம்மி காஸ்ட், ப-வும் ஸ-வும் மாறினா முழு காஸ்ட். ராத்திரி நைட்டா குதிரைவீரன் நைட்டாங்கறது வாக்கியத்தைப் பார்க்காம யாராலயும் சொல்ல முடியாது, உங்க மாடலாலயும்தான். ரெண்டையும் காட்டி யூசரையே தேர்ந்தெடுக்க விடுங்க.

கோட்கிறுக்கன்:
ஒரு நிமிஷம், யூசர் டைப் பண்றது எழுத்துதானே, ஒலி இல்லையே. அந்தக் கன்னாபின்னா ஸ்பெல்லிங்கை முதல்ல ஒலியா மாத்தறது யாரு?

மாடல்மணி:
வாங்க, அதுக்கும் மாடல்தான் 😄

அகராதிப்பூனை:
அந்த இடத்துக்கு மட்டும் வச்சுக்கங்க. பதில் அகராதில இருந்துதான் வரணும்.