தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற வயல்: நம்ம ஊர்த் தமிழ்க் குழு

சுதா அக்கா: எல்லாருக்கும் வணக்கம். தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற வயலில் நூறு வீட்டுக்கு மேல் கட்டப்போகிறார்களாம். விளக்குக் கம்பத்தில் நோட்டீஸ் கட்டியிருக்கிறது. உள்ளூர் கவுன்சிலுக்கு ஆட்சேபம் அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

ரகு: அது கிரீன் பெல்ட் ஆச்சே அக்கா? லண்டனைச் சுற்றி 1938-லேயே சட்டம் போட்டு, வீடு கட்டவிடாமல் காப்பாற்றி வைத்த நிலம், அதில் எப்படி விடுவார்கள்?

பாலா அண்ணா: முன்பு மாதிரி இல்லை தம்பி. 2024 டிசம்பரில் இங்கிலாந்தின் திட்டக் கொள்கையில் கிரே பெல்ட் என்று ஒரு வகையைச் சேர்த்துவிட்டார்கள். கிரீன் பெல்ட்டுக்கு ஐந்து நோக்கம் உண்டு. அவற்றில் பெரிய நகரம் கண்டபடி பரவாமல் தடுப்பது, அடுத்தடுத்த நகரங்கள் ஒட்டிப்போகாமல் பார்ப்பது, பழைய நகரங்களின் சூழலைக் காப்பது, இந்த மூன்றில் எதற்குமே ஒரு நிலம் வலுவாக உதவவில்லை என்றால் அது கிரே பெல்ட், அங்கே வீடு கட்ட அனுமதி கிடைக்க வழி உண்டு. நாட்டுப்புறத்தைக் காப்பது என்ற நோக்கம் அந்தக் கணக்கிலேயே வராது. வீடு கட்டப்போகிற டெவலப்பர் மனு முழுக்க இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

ரகு: நம்ம ஊரும் பக்கத்து ஊரும் ஒன்றாகிவிடும் என்று எழுதலாமே?

பாலா அண்ணா: அந்த விதி நகரங்களுக்கு, கிராமங்களுக்கு இல்லை. அதை மட்டும் நம்பினால் ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். ஜன்னல் காட்சி போகும், வீட்டு விலை இறங்கும் என்பதையும் யாரும் எழுத வேண்டாம், அதையெல்லாம் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

கலா மாமி: பிறகு எதைத்தான் எழுதுவது பாலா?

பாலா அண்ணா: கிரே பெல்ட் என்றாலும் போக்குவரத்து வசதியுள்ள இடமாக இருக்க வேண்டும் மாமி. இங்கே ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது, ஸ்டேஷன் போகிற பாதையில் பாதி தூரத்துக்கு நடைபாதையே இல்லை, புதிதாக வருகிற ஒவ்வொரு வீட்டுக்கும் கார் இல்லாமல் முடியாது. அதை எழுதுங்கள்.

சுதா அக்கா: தண்ணீரை விட்டுவிட்டாயே. வயலின் கீழ் மூலையில், பள்ளிக்குப் போகிற கேட் பக்கம், போன ஜனவரியில் வேலியின் கீழ்க் கம்பி முங்கிக் கிடந்தது, பிள்ளைகளின் பூட்ஸுக்குள் தண்ணீர் போய்விட்டது. டெவலப்பரின் வரைபடத்தில் அதே மூலையில்தான் மழைநீர்க் குளம். ஏற்கெனவே நிரம்பி நிற்கிற இடத்தில் குளம் வெட்டினால் அத்தனை கூரைத் தண்ணீரும் எங்கே போகும்? கீழே இருக்கிற நம்ம சந்துக்குத்தான்.

பாலா அண்ணா: இதுதான் வேண்டும் அக்கா! படம் இருந்தால் தேதியோடு அனுப்புங்கள். கவுன்டி கவுன்சிலில், அதாவது மாவட்ட நிர்வாகத்தில், வெள்ளத்தைப் பார்க்கிற பிரிவு இருக்கிறது, அவர்களுக்கும் ஒரு பிரதி போகட்டும்.

ஜனனி: எனக்கு ஒரு சங்கடம் அண்ணா. நாமே வந்து குடியேறியவர்கள். நான் இன்னும் வாடகையில் இருக்கிறேன், சம்பளத்தில் பாதி அதிலேயே போகிறது. 15 லட்சம் வீடு கட்டுவோம் என்று அரசாங்கம் சொல்வது எனக்கும் சேர்த்துத்தானே?

கலா மாமி: வீடே வேண்டாம் என்று யார் சொன்னது கண்ணா? மெயின் ரோட்டில் பழைய தொழிற்கூடம் பூட்டிக் கிடக்கிறதே, பஸ்ஸும் கடையும் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே கட்டினால் முதல் ஆளாக ஆதரித்துக் கையெழுத்துப் போடுவேன்.

பாலா அண்ணா: ஜனனி கேட்டது நியாயம்தான், அதையும் கடிதத்தில் கேட்போம். இப்படி விடுவிக்கிற நிலத்தில் மலிவு விலை வீடுகள் உள்ளூர் விகிதத்தைவிட 15 சதவீதப் புள்ளி கூடுதலாக இருக்க வேண்டும், உச்சவரம்பு 50 சதவீதம். இந்த மனுவில் எத்தனை வீடு ஜனனி மாதிரிப் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகும்? பெரும்பாலும் நாலு படுக்கையறை வீடுகளாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

ஜனனி: அப்படியென்றால் நானும் எழுதுகிறேன். வாடகையில் இருக்கிறவள் என்றே சொல்லி எழுதுகிறேன்.

ரகு: நான் ஒரு கடிதம் தயார் செய்து போடட்டுமா, எல்லாரும் பெயர் மாற்றி அனுப்பலாம்?

பாலா அண்ணா: வேண்டாம்பா. ஒரே மாதிரிக் கடிதம் எத்தனை போனாலும் ஒரே கருத்தாகத்தான் பார்ப்பார்கள். அவரவர் கண்ட விஷயத்தை அவரவர் எழுதட்டும். இன்னொன்று, கவுன்சில் மறுத்தால் டெவலப்பர் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அனுமதி கொடுத்துவிட்டால் நமக்கு அந்த உரிமை கிடையாது. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், அதற்கு ஆகிற செலவு நம்மால் தாங்காது. அதனால் இப்போதே எழுதிவிடுங்கள்.

கலா மாமி: எனக்கு இங்கிலீஷில் எழுத வராது. நான் சொல்லச் சொல்ல யாராவது எழுதித் தருவீர்களா?

ரகு: ராத்திரி சாப்பிட்டுவிட்டு லேப்டாப்போடு வருகிறேன் மாமி.