வீட்டு நாஸ் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது: ரேமா, சூடா, பவர் சப்ளையா?

பொங்கோல்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். பழைய டெஸ்க்டாப்பின் போர்டையும் பவர் சப்ளையையும் வைத்து ஒரு நாஸ் (வீட்டில் எல்லோரும் நெட்வொர்க் வழியாக ஃபைல் வைத்து எடுக்கும் மெஷின்) ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சாஃப்ட்வேர் ட்ரூநாஸ், 16 ஜிபி ரேம், 4 டெராபைட் டிஸ்க் நான்கு, ரெய்டு-இசட்1 (நாலும் ஒரே தொகுப்பு, ஒன்று செத்தாலும் டேட்டா போகாது). சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுதான், வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாம்ப் ஷெல்டர் என்ற பாதுகாப்பு அறைக்குள் ஷெல்ஃபில் இருக்கிறது. ரவுட்டரும் அங்கேயே, அதே எக்ஸ்டென்ஷனில்.

கொஞ்ச நாளாக தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. நேரம் காலம் கிடையாது. பெரும்பாலும் சாயங்காலம், அம்மா டிவியில் படம் பார்க்கலாம் என்று திறக்கும்போது. சில நாள் ஒரு தடவை விழுந்து, எழுந்து வரும்போதே மறுபடியும் விழுகிறது. பெரிய ஃபைல் காப்பி செய்யும்போது, சிபியு முழு வேகத்தில் ஓடும்போது ஒன்றும் ஆவதில்லை. அதுதான் புரியவில்லை. அப்பா 1980களில் எடுத்த தைப்பூசப் படங்கள், தாத்தாவின் கடிதங்கள் எல்லாம் ஸ்கேன் செய்து இதில்தான் வைத்திருக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?

செங்காங் தம்பி:
அண்ணே, ரேமை முதலில் பாருங்கள். மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸை யுஎஸ்பியில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்பக்கூடாது. ட்ரூநாஸ் பயன்படுத்தும் இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் என்றால் இன்னும் முக்கியம்.

உட்லண்ட்ஸ் அக்கா:
ஷெல்டர் கதவைச் சாத்தி வைத்திருக்கிறீர்களா? நாலு பக்கமும் கான்கிரீட், கதவு இரும்பு. உள்ளே போன சூடு வெளியே வராது. நம் ஊரில் வெளியிலேயே 31, 32 டிகிரி. டிஸ்க் வெப்பம் எவ்வளவு காட்டுகிறது?

பொங்கோல்வாசி:
மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடியது, பிழை இல்லை. கதவு பெரும்பாலும் சாத்தித்தான் இருக்கும் அக்கா. டிஸ்க் 51, 52 டிகிரி. சிபியு 60ஐத் தாண்டவில்லை.

உட்லண்ட்ஸ் அக்கா:
52 டிகிரியில் டிஸ்க் உடனே சாகாது, ஆனால் அந்த அறையில் இருக்கும் எல்லாமே சீக்கிரம் கிழடாகும். பவர் சப்ளைக்குள் இருக்கும் எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. முதலில் கதவைத் திறந்து வையுங்கள். ஷெல்டர் சுவரில் ஓட்டை போட்டு ஃபேன் மாட்டும் யோசனை மட்டும் வேண்டாம், அதற்கு அனுமதி கிடையாது.

பழைய வயர்மேன்:
தம்பி, ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். மெஷினுக்குக் கரண்ட் போய் வருகிறதா, அல்லது கரண்ட் இருக்கும்போதே ரீசெட் ஆகிறதா? இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். காரணம் வேறு வேறு.

இதற்கு உங்கள் டிஸ்க்குகளே சாட்சி. ஸ்மார்ட் பட்டியலில் (டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு) 12ஆம் எண், பவர் சைக்கிள் கவுண்ட். டிஸ்க்குக்குக் கரண்ட் நின்று மறுபடி வந்தால் அது ஒன்று கூடும். கெர்னல் பேனிக் (சிஸ்டத்தின் மையமான கெர்னல் முடங்குவது), வாட்ச்டாக் (உறைந்த மெஷினைத் தானாக ரீசெட் செய்வது), சாதாரண ரீபூட் இவற்றில் பொதுவாகக் கூடாது, ஏனென்றால் டிஸ்க்குக்குப் போகும் கரண்ட் அறுபடுவதில்லை. 192ஆம் எண்ணையும் பாருங்கள்; சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போன தடவைகள் அதில் ஏறும். நாலு டிஸ்க்கின் எண்ணையும் இப்போது ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை விழுந்ததும் ஒப்பிடுங்கள்.

கூடவே, போன பூட்டின் ஜர்னல் (மெஷின் போன தடவை ஓடியபோது எழுதிய பதிவு) எப்படி முடிகிறது என்று பாருங்கள். ஷட்டவுன் வரிகள் வரிசையாக வந்து முடிந்தால் யாரோ, ஏதோ கட்டளை கொடுத்திருக்கிறார்கள். பாதி வாக்கியத்தில் அறுந்தால் கெர்னலுக்கே தெரியாமல் போயிருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால் அப்பாவின் படங்களை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். ரெய்டு பேக்கப் ஆகாது. ஒரு பவர் சப்ளை மோசமாகச் செத்தால் அதோடு சேர்த்து நாலு டிஸ்க்கையும் கொண்டுபோகும்.

பொங்கோல்வாசி:
படங்களும் கடிதங்களும் எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் ஏறிவிட்டன. ஜூரோங்கில் தங்கை வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன்.

நேற்று விழுந்தது. 12ஆம் எண் நாலு டிஸ்க்கிலும் ஒன்று கூடியிருக்கிறது. 192ம் அதேபோல் கூடியிருக்கிறது. ஜர்னல் ஒரு சாம்பா (ஃபைல் பகிரும் சாஃப்ட்வேர்) வரியோடு நின்றுபோயிருக்கிறது, ஷட்டவுன் வரி எதுவும் இல்லை. அதே எக்ஸ்டென்ஷனில் இருக்கும் ரவுட்டர் நிற்கவில்லை, வைஃபை அறுபடவே இல்லை. ஏசி கம்ப்ரசர் ஓட ஆரம்பிக்கும்போது வோல்டேஜ் இறங்குமோ?

பழைய வயர்மேன்:
அப்படியானால் ரேமையும் சாஃப்ட்வேரையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கரண்ட்தான்.

வீட்டு லைனில் நொடிக்கும் குறைவான இறக்கம் வந்தால் பிசி விழும், ரவுட்டர் தப்பிக்கும், அது நடப்பதுதான். ஆனால் நீங்கள் சொன்ன அடையாளம் வேறு. பெரிய காப்பி ஓடும்போது ஒன்றும் இல்லை, அம்மா டிவியில் திறந்ததும் விழுகிறது. டிஸ்க்குக்கு ஸ்பின் டவுன் வைத்திருக்கிறீர்களா?

பொங்கோல்வாசி:
ஆமாம் அண்ணே, 30 நிமிடம் சும்மா இருந்தால் தூங்கும்படி வைத்திருக்கிறேன். சூடும் குறையும், கரண்ட் பில்லும் மிச்சம் என்று.

பழைய வயர்மேன்:
அங்கேதான் இருக்கிறது. 3.5 அங்குல டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது அதிகம் இழுக்காது. நின்ற நிலையிலிருந்து சுழல ஆரம்பிக்கும் சில நொடிகளில்தான் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ரெய்டு-இசட்டில் ஒரு படத்தைத் திறந்தாலும் டிஸ்க்குகள் கூட்டாக எழ வேண்டும். நாலும் சேர்ந்தால் 8 ஆம்பியர், கிட்டத்தட்ட 96 வாட். நல்ல பவர் சப்ளைக்கு அது ஒன்றுமே இல்லை. சூட்டில் கெப்பாசிட்டர் காய்ந்த பழசு என்றால் 12 வோல்ட் ஒரு கணம் தொய்ந்து மெஷின் விழலாம். எழுந்து வரும்போது இரண்டாவது தடவை விழுவதும் இதனால்தான்: பூட்டிலும் நாலும் ஒன்றாகச் சுழல்கின்றன.

மல்டிமீட்டர் வைத்து 12.1 காட்டுகிறது, சரியாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள். விதிப்படி 11.4லிருந்து 12.6 வரை இருக்கலாம், ஆனால் மில்லிசெகண்ட் தொய்வை மீட்டர் பிடிக்காது. நல்ல பவர் சப்ளை ஒன்றை மாற்றிப் பார்ப்பதே சோதனை.

இன்னொன்று. நாலு டிஸ்க்குக்கும் கரண்ட் எப்படிப் போகிறது?

பொங்கோல்வாசி:
பவர் சப்ளையில் சாட்டா முனை (டிஸ்க்குக்குக் கரண்ட் தரும் முனை) குறைவு. ஒரு சாட்டா முனையிலிருந்து நாலாகப் பிரியும் ஸ்பிளிட்டர் போட்டிருக்கிறேன்.

பழைய வயர்மேன்:
மெஷினை இப்போதே அணையுங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு அந்த ஸ்பிளிட்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். சாட்டா பவர் முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5. அதில் நீங்கள் 8 ஆம்பியர் இழுக்கிறீர்கள்.

பொங்கோல்வாசி:
பார்த்தேன். ஸ்பிளிட்டர் பவர் சப்ளை கேபிளோடு சேரும் இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் ஓரமாகப் பழுப்பேறியிருக்கிறது. 12 வோல்ட் பின் பக்கம் மட்டும் கொஞ்சம் உப்பி, விரல் வைத்தால் சொரசொரப்பாக இருக்கிறது. முகர்ந்தால் கருகிய வாடை. பக்கத்திலேயே அட்டைப் பெட்டியில் பழைய துணி வைத்திருந்தோம், அதையெல்லாம் வெளியே எடுத்துவிட்டேன்.

உட்லண்ட்ஸ் அக்கா:
கடவுளே. நல்ல வேளை பார்த்தீர்கள். அதை இனி எதற்கும் பயன்படுத்த வேண்டாம், வெட்டிப் போடுங்கள்.

செங்காங் தம்பி:
புதிய பவர் சப்ளை வேண்டுமானால் சிம் லிம் ஸ்குவேரில் பாருங்கள் அண்ணே. பழைய சாமான் விற்கும் கரௌசல் ஆப்பில் பத்து இருபது வெள்ளிக்கு (டாலர்) கிடைக்கும், ஆனால் இந்த ஒரு சாமானை மட்டும் பழசாக வாங்காதீர்கள்.

பழைய வயர்மேன்:
தம்பி சொல்வது சரி. வாட் பெரிதாக வேண்டாம், 450 போதும். சாட்டா முனைகள் இரண்டு தனித்தனி கேபிளில் வருவதாகப் பாருங்கள். கேபிளுக்கு இரண்டு டிஸ்க்.

இதைக் கவனமாகப் படியுங்கள்: மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டும்) பவர் சப்ளை வாங்கினால் பழைய கேபிளை அதில் சொருகவே கூடாது. டிஸ்க் பக்க முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான், பவர் சப்ளை பக்க முனைக்குப் பொது விதி கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலிலேயே வரிசை மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் நாலு டிஸ்க்கும் ஒரே நொடியில் போய்விடும். பொறுமையாக ரெய்டு கட்டியவர்கள்கூட இந்த இடத்தில் எல்லாவற்றையும் இழந்திருக்கிறார்கள். புதிய பெட்டியில் வரும் கேபிள் மட்டும்.

பொங்கோல்வாசி:
மாற்றிவிட்டேன். 450 வாட், இரண்டு கேபிள், ஸ்பிளிட்டர் இல்லை. நாலு டிஸ்க்கையும் வேண்டுமென்றே தூங்க வைத்து ஒரே நேரத்தில் எழுப்பிப் பார்த்தேன், திரும்பத் திரும்ப. நிற்கவில்லை. 12ஆம் எண் அப்படியே இருக்கிறது. ஸ்க்ரப் (எல்லா டேட்டாவையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டினேன், பிழை பூஜ்யம். மெஷினை ஷெல்டரிலிருந்து ஹாலில் டிவி பெட்டிக்குக் கீழே கொண்டுவந்துவிட்டேன், டிஸ்க் 43 டிகிரிக்கு இறங்கியிருக்கிறது. ஸ்பின் டவுனை எடுத்துவிடட்டுமா, வைத்துக்கொள்ளட்டுமா அண்ணே?

பழைய வயர்மேன்:
அம்மா தினமும் பார்க்கிறார் என்றால் எடுத்துவிடுங்கள். நாலு டிஸ்க் சும்மா சுற்றினால் 20 வாட் அளவு, பில்லில் மாதம் சில வெள்ளிதான். ஒரு மாதம் 12ஆம் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நாலு டிஸ்க்குக்கும் ஸ்மார்ட் லாங் டெஸ்ட் ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். சூட்டிலும் கரண்ட் அடியிலும் பட்டவை, பாதித்திருந்தால் அதில் தெரியலாம். எண் மறுபடி கூடினால் இங்கேயே எழுதுங்கள், அப்போது வீட்டு லைனைப் பார்க்கலாம்.