மால்டா டைவிங்: வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு சாயங்காலம்

அக்கா: மாமா, டிக்கெட் போட்டாச்சு. அக்டோபர் கடைசி வாரம், ஏழு ராத்திரி. நானும் அவரும். ரெண்டு பேர்கிட்டயும் அட்வான்ஸ்டு டைவிங் கார்டு இருக்கு. நான் போட்ட வரிசை: முதல் நாள் கோசோ தீவுல புளூ ஹோல் குழி, அப்புறம் மூணும் மூழ்கின கப்பல்: ரெண்டாம் நாள் உம் எல் ஃபரூத், மூணாம் நாள் சிர்கெவ்வா பி29, நாலாம் நாள் வல்லெட்டா மாவோரி. சரியா இருக்கா?

சின்ன மாமா: இடமெல்லாம் சரி பாப்பா. நாள் குறிச்சதை மட்டும் அழிச்சிடு. இங்க மால்டாவுல கிழமை பார்த்து இறங்க முடியாது, காத்து பார்த்துதான்.

சின்ன மாமா: வடமேற்குக் காத்துதான் இங்க அதிகம். ஊர்க்காரங்க மய்யிஸ்த்ரால்னு சொல்வாங்க. அது அடிச்சா சிர்கெவ்வா, புளூ ஹோல் ரெண்டும் போச்சு. அன்னிக்குத் தெற்குக் கரைக்குப் போகணும், உம் எல் ஃபரூத் கிடக்கிற வீட் இஸ் சுர்ரீ, ஆர் லப்சி பக்கம். தெக்கத்திக் காத்துன்னா அப்படியே தலைகீழ். வடகிழக்கு அடிச்சா அதுக்குப் பேர் கிரிகால். வல்லெட்டா, ஸ்லீமா, கவ்ரா பக்கம் எல்லாம் கலங்கிடும், மாவோரி கிடையாது.

அம்மா: காத்து மேலதானே அடிக்குது? நீங்க போறது தண்ணிக்கு அடியில.

சின்ன மாமா: அக்கா, அடியில போயிட்டா ஒண்ணும் தெரியாது. இறங்குற படியும் ஏறுற ஏணியும்தான் வில்லங்கம். இங்க பாதிக்கு மேல கரையிலிருந்தே இறங்குறதுதான், படகு இல்ல. அலை தூக்கி ஏணியில அடிச்சா பல்லு போகும்.

சின்ன மாமா: அதனால ஏணியைக் கையால பிடிக்கிற வரைக்கும் கால்ல போட்ட துடுப்பை, அதான் ஃபின்னை, கழட்டக் கூடாது. மாஸ்க்கும், வாயில வெச்சு மூச்சு விடுற ரெகுலேட்டரும் தரையில கால் வைக்கிற வரைக்கும் இருக்கட்டும். பெரிய அலை ரெண்டு மூணு சேர்ந்து வரும், அப்புறம் கொஞ்சம் அடங்கும். அந்த இடைவெளியில ஏறணும். முன்னாடி ஒருத்தர் ஏறும்போது அவருக்கு நேர் கீழ நிக்காதே. சிலிண்டரோட விழுந்தா உன் தலையிலதான்.

அத்தான்: மாமா, காத்து நின்னதும் போயிடலாமா?

சின்ன மாமா: காத்து நிக்கும் மாப்பிள்ளை, அலை உடனே நிக்காது. ஒரு நாள் ஆகும். முன்னறிவிப்புல காத்து வேகத்தை மட்டும் பார்க்காம அலை வர்ற திசையையும் சேர்த்துப் பாருங்க. கார் வாடகைக்கு எடுத்துக்குங்க, இடது பக்க ஓட்டம்தான், நம்ம ஊர் மாதிரியே. கார் இல்லாம கரை மாத்த முடியாது.

நான்: அக்கா, பட்டியலை நாள் இல்லாம எழுதிக்கறேன். வடமேற்குன்னா எது, தெற்குன்னா எதுன்னு ரெண்டு பத்தி.

அண்ணன்: ஆழம் பத்தி யாரும் பேசலையே. அட்வான்ஸ்டு கார்டுக்கு 30 மீட்டர்தான் எல்லை. பி29 கிடக்கிறது 36 மீட்டர் மணல்ல.

சின்ன மாமா: சரியாச் சொன்னே. ஆனா மணலுக்குப் போக வேண்டிய அவசியமே இல்ல. பி29 பழைய கிழக்கு ஜெர்மன் கடற்படைக் கப்பல், அப்புறம் மால்டா ரோந்துப் படகு, 2007-ல மூழ்கடிச்சாங்க. பார்க்க வேண்டியது மேல்தளமும் மாலுமி அறையும், 30-க்குள்ளயே முடிஞ்சிடும். பக்கத்துல 1992-ல இறக்கின ரோசிங்கிற இழுவைப் படகும் அதே ஆழம்தான். ரெண்டையும் ஒரே டைவ்ல பார்க்க ஆசைப்படாதே, காத்து பத்தாது. திரும்பி வர்ற வழியில பாறைச் சுவர்ல 18 மீட்டர் வாக்குல ஒரு சின்னக் குகையில மாதா சிலை இருக்கு, மேல ஏறிக்கிட்டே பார்த்துக்கலாம்.

சின்ன மாமா: உம் எல் ஃபரூத் அதைவிடப் பெரிசு, நூறு மீட்டருக்கு மேல நீளம். எண்ணெய்க் கப்பல். 1995-ல இங்கத்து கப்பல் பட்டறையில இருந்தப்ப உள்ளே வெடிச்சு 9 தொழிலாளிங்க செத்துட்டாங்க. 1998-ல இங்க கொண்டுவந்து இறக்கினாங்க. அப்புறம் குளிர்காலப் புயல்ல ரெண்டா உடைஞ்சுடுச்சு. தரை 36 மீட்டர். மேல் கட்டுமானம் 18-ல ஆரம்பிக்கும், அங்கிருந்து தளம் வரைக்கும் உங்களுக்குப் போதும். என்ஜின் அறைக்குள்ள வேண்டாம். உள்ளே போக கயிறு, ரெண்டு விளக்கு, அதுக்குன்னு படிச்ச படிப்பு வேணும். அடியில படிஞ்ச வண்டலை ஒரு ஃபின் உதை கிளப்பிட்டா வாசல் தெரியாது.

அத்தான்: நான் நைட்ராக்ஸ் 32 எடுக்கலாம்னு இருக்கேன், 32 சதவீதம் ஆக்ஸிஜன் உள்ள காத்து. அடியில நேரம் அதிகம் கிடைக்குமே.

அண்ணன்: அத்தான், கணக்குப் போட்டுப் பாருங்க. 30 மீட்டர்ல சாதாரணக் காத்துக்கு டைவ் டேபிள் அடியில இருக்க 20 நிமிஷம் தருது. 32-ல அதே ஆழம் 25 மீட்டர் கணக்குக்கு வரும், 29 நிமிஷம். 32-க்கு ஆழ எல்லை, ஆக்ஸிஜன் அழுத்தம் 1.4 பார் வரைக்கும்னு வெச்சா, 33 மீட்டர் சொச்சம், அதனால உங்க 30-க்குச் சரியாப் பொருந்துது. ஆனா அந்த 29 நிமிஷம் உங்க சிலிண்டர்ல இருக்கா?

அத்தான்: 12 லிட்டர், 200 பார். 2400 லிட்டர் இருக்குமே.

அண்ணன்: 30 மீட்டர்ல அழுத்தம் 4 பார். மேல நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கிற ஆள் அங்க 80 லிட்டர் இழுப்பார். ஆனா 2400-ம் உங்களுக்கு இல்ல. அக்காவுக்குக் காத்து தீர்ந்து ரெண்டு பேரும் உங்க சிலிண்டர்லயே மேல வரணும்னு வெச்சுக்குங்க. பதட்டத்துல ஆளுக்கு 30 லிட்டர், ரெண்டு பேருக்கு 60. அடியில ஒரு நிமிஷம் நிதானிக்க 240 லிட்டர். நிமிஷத்துக்கு 9 மீட்டர் வேகத்துல 5 மீட்டர் ஆழத்துக்கு ஏறி வர 3 நிமிஷம், கிட்டத்தட்ட 500. உடம்புல ஏறின நைட்ரஜன் வெளியேற அங்க 3 நிமிஷம் நிக்க 270. கடைசி 5 மீட்டருக்கு 75. மொத்தம் 1080 சொச்சம். 12 லிட்டர்ல அது 90 பார். அழுத்தமானி முள் அங்க வரும்போது ஏற ஆரம்பிச்சிடணும்.

அண்ணன்: மீதி 1320 லிட்டர்தான் உங்களுது. இறங்கவே ஒரு 150 போயிடும். அடியில 14, 15 நிமிஷம். சாதாரணக் காத்தே 20 நிமிஷம் தருது. அப்போ நைட்ராக்ஸுக்குக் கொடுத்த காசு எங்கே போச்சு?

சின்ன மாமா: அதான் சரி. முதல்ல 15 லிட்டர் கேளுங்க மாப்பிள்ளை, நிமிஷம் 22-ஐத் தொடும். அதுக்கப்புறம்தான் நைட்ராக்ஸ் பத்திப் பேச்சு. பாப்பா கொஞ்சமா இழுக்கிறவ, அவளுக்கு 12 போதும். ஆனா ஒண்ணு, ஒரே நாள்ல ரெண்டு மூணு டைவ்னா 12 லிட்டர்லயும் நைட்ராக்ஸ் பிரயோஜனம்தான், உடம்புல நைட்ரஜன் கம்மியா ஏறும். கையில கட்டுற டைவ் கம்ப்யூட்டர்ல 32 போட மறந்துடாதீங்க. சிலிண்டரை நீங்களே ஆக்ஸிஜன் அனலைசர்ல அளந்து பேர் எழுதணும், கடைக்காரர் சொன்னாருன்னு விடக் கூடாது.

அம்மா: இத்தனை கணக்கா? வெந்நியில குளிச்சிட்டு வீட்ல இருக்கலாம்.

அக்கா: அம்மா, நீ கொஞ்சம் சும்மா இரு. மாமா, மிதக்காம முழுக இடுப்புல வெயிட் எவ்வளவு போடணும்? அந்தமான்ல 3 மில்லி சூட், அலுமினியம் சிலிண்டர், 5 கிலோ. மத்தியதரைக் கடல் உப்பு ஜாஸ்தி, நிறைய கூட்டணும்னு எல்லாரும் சொல்றாங்க.

சின்ன மாமா: உப்பைப் பத்தி ரொம்ப ஊதிவிட்டுட்டாங்க. இங்க லிட்டருக்கு 38 கிராம், பெருங்கடல்ல பொதுவா 35. ஆளும் சாமானும் சேர்ந்து 100 லிட்டர் இடம் அடைச்சா வித்தியாசம் கால் கிலோதான். மாத்துறது சூட்டும் சிலிண்டரும். அக்டோபர் கடைசியில தண்ணி 22, 23 டிகிரி. 5 மில்லி முழு சூட், குளிர் தாங்காதவங்களுக்குத் தலைமூடி. அதுக்கு ரெண்டு கிலோ கூடும். ஆனா இங்க எல்லாம் எஃகு சிலிண்டர். அலுமினியம் காத்து தீரத் தீர மிதக்க ஆரம்பிக்கும், எஃகு காலியானாலும் முழுகித்தான் இருக்கும். அதுல ரெண்டு மூணு கிலோ குறையும். கூட்டிக் கழிச்சா உன் அந்தமான் அளவுக்குப் பக்கத்துலயே வந்து நிக்கும்.

அண்ணன்: முதல் டைவ் முடிவுல 50 பார் இருக்கும்போது 5 மீட்டர்ல வெயிட் சரியான்னு பார்த்துக்கோ அக்கா. பிசிடி, அதான் காத்து ஊதுற மிதவைச் சட்டை, காலி, மூச்சு சாதாரணம், அசையாம நிக்கணும். டைவ் ஆரம்பத்துல பார்த்தா தப்பு வரும். 150 பார் காத்தே ரெண்டு கிலோவுக்கு மேல கனம், அது முடிவுல உன்கிட்ட இருக்காது.

அத்தான்: என் ரெகுலேட்டர் ரெண்டு வருஷமா பரண்ல கிடக்கு. எடுத்துட்டு வரவா?

அண்ணன்: சர்வீஸ் பண்ணாம வேண்டாம் அத்தான். பண்ணின பிறகும் ஒரு சோதனை: லோ பிரஷர் குழாய்ல அளவி மாட்டி சிலிண்டரைத் திறங்க. 9-லிருந்து 10 பார்ல முள் நிக்கணும். நின்ன இடத்துலேர்ந்து மெல்ல ஏறிக்கிட்டே போச்சுன்னா உள்ளே இருக்கிற சீட் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். கொஞ்ச நேரத்துல வாயில வைக்கிற செகண்ட் ஸ்டேஜ் தானா காத்தைக் கொட்ட ஆரம்பிக்கும். இன்னொண்ணு, சிலிண்டர்ல மாட்டுற பக்கம் உங்களுது அந்தப் பழைய கிளாம்ப் மாடலா, திருகுற டின் மாடலா?

அத்தான்: கிளாம்ப்.

சின்ன மாமா: இங்க சிலிண்டர் வால்வு பெரும்பாலும் டின். கிளாம்ப்புக்கு நடுவுல ஒரு அடாப்டர் திருகித் தருவாங்க. அதோட ரப்பர் வளையம், அதான் ஓ-ரிங், முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. கரையிலேயே திறந்து சத்தம் கேளுங்க, உஸ்ஸுன்னா ரெண்டுல ஒண்ணு போயிருக்கும். பையில நாலு ஓ-ரிங் போட்டுக்குங்க.

சின்ன மாமா: ஃபின் விஷயம். காலோட ஒட்டுற முழுப் பாத ஃபின் கொண்டு வராதீங்க. புளூ ஹோலுக்கு கார் நிறுத்துற இடத்திலிருந்து படி இறங்கி, கத்தி மாதிரி சுண்ணாம்புப் பாறை மேல நடக்கணும். கெட்டியான அடி உள்ள பூட்ஸ், பின்பக்கம் பட்டை போட்ட ஃபின்.

அக்கா: புளூ ஹோல்ல வழி எப்படி மாமா?

சின்ன மாமா: குழி குறுக்களவு 10 மீட்டர் வாக்குல. ஃபின் போடுறது தண்ணியில. இறங்கினா 8 மீட்டர் பக்கத்துல ஒரு பெரிய ஜன்னல், அதுல நுழைஞ்சா திறந்த கடல். இடது பக்கம் திரும்பினா கோரல் கார்டன். வலது பக்கம் திரும்பினா அந்தப் பிரபலமான அஸூர் விண்டோ பாறை வளைவு 2017 மார்ச் 8-ல புயல்ல இடிஞ்சு விழுந்த இடம், இப்போ பெரிய பெரிய பாளமாக் கிடக்கு. நான் இதுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். உடைஞ்ச முகத்துல வருஷா வருஷம் பாசியும் பஞ்சுயிரியும் ஏறிக்கிட்டு வருது.

சின்ன மாமா: பக்கத்துலயே இன்லாண்ட் சீ. உப்பங்கழி மாதிரி ஒரு குட்டை, அதிலிருந்து மலையைத் துளைச்சு 80 மீட்டர் சுரங்கம் கடலுக்குப் போகுது. குட்டையில ரெண்டு மூணு மீட்டர் ஆழம், வெளிவாசல்ல 26. அங்க ஒரே ஒரு விதிதான்: நடுவுல மேல வரக் கூடாது. சுற்றுலாப் படகுங்க அதே சுரங்கத்துல போகும் வரும். சுவரோரமா, அடித்தரை ஒட்டி, விளக்கு எரிய விட்டு. காது வலிச்சாக்கூட சுரங்கத்துல மேல ஏறாம, வந்த வழியே திரும்பி குட்டைக்கு வந்துடுங்க.

அண்ணன்: நீங்க இருக்கிற இடத்தைத் தண்ணி மேல காட்டுற மார்க்கர் பலூன் ஜோடிக்கு ஒண்ணு கட்டாயம். அதோட நூல் சுத்தின ரீலை உடம்புல கொக்கி போட்டுட்டு பலூனை ஊதாதீங்க. நூல் சிக்கினா பலூன் உங்களையும் இழுத்துட்டுப் போகும். கையில பிடிச்சுக்கிட்டு, ஊதி, தலைக்கு மேல படகுச் சத்தம் இல்லைன்னு கேட்டுட்டு விடணும். சிக்கினா ரீலையே விட்டுடணும், ரீல் போனாப் போகட்டும்.

நான்: மாவோரி பத்தி யாரும் சொல்லல.

சின்ன மாமா: அது முதல் நாளுக்கு, காத்து ஒத்துவந்தா. 14 மீட்டர்தான், வெயிட் சரிபார்க்க நல்ல இடம். பிரிட்டிஷ் டிஸ்ட்ராயர், 1941-ல பிஸ்மார்க்கை மூழ்கடிச்ச வேட்டையில இருந்தது. 1942 பிப்ரவரியில குண்டு விழுந்து துறைமுகத்துலயே மூழ்கிடுச்சு. 1945-ல தூக்கி இங்க போட்டாங்க. முன்பாதிதான் இருக்கு, மணல்ல பாதி புதைஞ்சு. ஆக்டோபஸ், தேள்மீன் எல்லாம் பார்க்கலாம். கையை எங்கேயும் வைக்காதே, தீப்புழுன்னு ஒண்ணு ஊரும், அதோட முள் தோல்ல ஏறினா ராத்திரி பூரா எரியும்.

அக்கா: நினைவுக்கு ஒரு சின்னத் துண்டு...

சின்ன மாமா: ஆணிகூட எடுக்கக் கூடாது. சட்டப்படி குற்றம். இங்க கடலடி முழுக்க வரலாறுதான். ஷ்லெண்டி விரிகுடாவுக்கு வெளியே 110 மீட்டர்ல சுமார் 2700 வருஷத்துப் பீனிசியக் கப்பல் சரக்கோட கிடக்கு. பழைய போர்க்கால இடங்கள் சிலதுக்கு ஹெரிடேஜ் மால்டா அனுமதி பெற்ற டைவ் சென்டர் மூலமாத்தான் போக முடியும்.

அம்மா: மாப்பிள்ளைக்கு பிரஷர் மாத்திரை ஓடுதே தம்பி, அதைச் சொல்ல மாட்டீங்களா?

சின்ன மாமா: நல்லவேளை சொன்னே அக்கா. மாப்பிள்ளை, மருத்துவக் கேள்வித்தாள்ல சில கேள்விக்கு ‘ஆம்’ விழுந்தா டாக்டர் கையெழுத்து வேணும். ஊர்லயே வாங்கிட்டு வாங்க, இங்க வந்து வாங்கினா ஒரு டைவ் நாள் வீண். சளி இருந்தா மாத்திரை போட்டு இறங்காதீங்க. இறங்கும்போது காது திறக்கும், மருந்து வேகம் அடியில தீர்ந்தா ஏறும்போது அடைச்சுக்கும். அப்போ மேலயும் வர முடியாது, அங்கேயே இருக்கவும் காத்து இருக்காது.

அண்ணன்: விசாவுக்கு எடுத்த காப்பீட்டுல டைவிங் இருக்கான்னு பாருங்க, இருந்தா எத்தனை மீட்டர் வரைக்கும்னும் பாருங்க. வேகமா ஏறி உடம்புல நைட்ரஜன் குமிழி கட்டினா தர்ற அழுத்த அறை சிகிச்சை தனியா எழுதியிருக்கணும்.

சின்ன மாமா: அவசரத்துக்கு 112. மேட்டர் டெய் ஆஸ்பத்திரியில அழுத்த அறை இருக்கு.

நான்: கடைசி நாள்?

சின்ன மாமா: கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவுல 18 மணி நேரம் குறைந்தபட்சம், நான் 24 விடுவேன். அந்த ஒரு நாள் ஊர் சுத்திப் பார்க்க ஆகும். வல்லெட்டா புனித ஜான் இணைப் பேராலயத்துல கரவாஜ்ஜோ 1608-ல வரைஞ்ச பெரிய ஓவியம் இருக்கு. டைவ் முடிச்சு விமானம் மாதிரி மலை ஏறினாலும் ஆபத்தான்னு கேட்காதீங்க, இந்தத் தீவோட உச்சியே 253 மீட்டர்தான்.

சின்ன மாமா: கோசோ படகுல போற நாள் வெள்ளென கிளம்பணும், கடக்க 25 நிமிஷம்தான், ஆனா கார் வரிசை நீளும். பாப்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு பேரோட உயரம், எடை, பூட்ஸ் அளவு அனுப்பு. மாப்பிள்ளைக்கு 15 லிட்டர் இப்பவே சொல்லி வைக்கணும், கடைகள்ல நிறைய இருக்காது.

அக்கா: என்னுது 162, 58 கிலோ, பூட்ஸ் 38. அவருது நாளைக்கு.

அத்தான்: 176, 43. எடை வேண்டாம்.

அண்ணன்: எடை இல்லாம வெயிட் எப்படிப் போடுறது அத்தான்?

அத்தான்: 91.