ஷாட்கட் வீடியோ எடிட்டர்ல ப்ரிவ்யூ திக்கித் திக்கி ஓடுது, லேப்டாப்ல எடிட் பண்றவங்க யாராவது சொல்லுங்க

பாடுகளம்:
வணக்கம். எங்க ஊர் கபடி மேட்ச்ச ஃபோன்ல 4கேல எடுத்தேன். லேப்டாப் ஐ5 8ஆவது ஜெனரேஷன், 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. டைம்லைன்ல போட்டு ப்ளே அமுக்குனா ரெய்டர் கோட்டைத் தாண்டுறாரு, அடுத்த செகண்ட் பாத்தா திரும்பி வந்து நிக்கிறாரு, நடுவுல யார் புடிச்சா யார் விட்டான்னு ஒண்ணும் தெரியல, அப்புறம் நான் எங்க கட் பண்றது? அதே ஃபைல் விஎல்சி ப்ளேயர்ல ஜம்முன்னு ஓடுது, அதான் குழப்பமே.

சிவப்புசட்டை:
ரேம் 16 ஆக்குங்க ப்ரோ, 8லாம் எடிட்டிங்குக்கு பத்தாது

வெட்டிஒட்டி:
இருங்க, காசு செலவு பண்ண சொல்றதுக்கு முன்னாடி கோடெக், அதாவது வீடியோவ எந்த முறைல சுருக்கி வச்சிருக்குன்னு கேப்போம். ஃபைல் விவரம் காட்டுற மீடியாஇன்ஃபோ ஆப்ல தொறந்து வீடியோ ஃபார்மட், ஃப்ரேம் ரேட் மோட் (செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்ங்கிறது ஒரே மாதிரியா, மாறுதான்னு காட்டும்) ரெண்டும் என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க. அப்படியே ப்ளே ஓடும்போது டாஸ்க் மேனேஜர்ல சிபியு, மெமரி, டிஸ்க் மூணையும் பாருங்க.

பாடுகளம்:
ஹெச்இவிசின்னு இருக்கு, ஃப்ரேம் ரேட் மோட் வேரியபிள். சிபியு 100, மெமரி பாதிக்கு மேல கொஞ்சம், டிஸ்க் சும்மா தான் இருக்கு.

வெட்டிஒட்டி:
அப்போ ரேம் பிரச்சனை இல்ல. ஹெச்இவிசில எல்லா ஃப்ரேமும் முழுப் படமா இருக்காது, எப்பவாச்சும் ஒண்ணு தான் முழுசு, மத்ததெல்லாம் பக்கத்து ஃப்ரேம்ல இருந்து என்ன மாறுச்சுங்கிற குறிப்பு மட்டும். பால்காரம்மா கணக்கு நோட்டு மாதிரி, 17ஆம் தேதி பாக்கி எவ்ளோன்னு கேட்டா 1ஆம் தேதில இருந்து கூட்டிட்டு வரணும். விஎல்சி முதல்ல இருந்து நேரா ஓட்டுது, அதுவும் ஹார்ட்வேர் டிகோடர் (சுருக்குன வீடியோவ விரிக்கிறதுக்குன்னே சிப்ல இருக்கிற பகுதி) துணையோட, அதனால கஷ்டம் தெரியல. எடிட்டர்ல நீங்க ஒவ்வொரு கட்டுக்கும் நடுவுல குதிக்கிறீங்க, குதிக்கிற இடத்துல எல்லாம் பின்னாடி போய் முழு ஃப்ரேம தேடி அங்கிருந்து டிகோட் பண்ணிட்டு வரணும், அதுக்கு மேல ஃபில்டர் வேற.

செட்டிங்ஸ் மெனுல ப்ரிவ்யூ ஸ்கேலிங் 540பி வைங்க (ப்ரிவ்யூ மட்டும் சின்ன சைஸ்ல ஓடும்), அதே மெனுல ப்ராக்ஸி ஆன் பண்ணுங்க. சின்ன சைஸ்ல ஒரு நகல் எடுத்து எடிட் பண்றப்போ அதை ஓட்டும், எக்ஸ்போர்ட் பண்றப்போ ஒரிஜினல எடுத்துக்கும், குவாலிட்டி போயிடும்னு பயப்படாதீங்க. நகல் எடுக்க நேரமாகும், ஜாப்ஸ் பேனல்ல ஓடும், போட்டுட்டு டீ குடிக்க போயிடுங்க.

தஞ்சைஃப்ரேம்:
சார்ஜர் சொருகித்தான் எடிட் பண்றீங்களா? பேட்டரில ஓடுனா நெறைய லேப்டாப் வேகத்த கொறச்சுக்கும். டாஸ்க் மேனேஜர்ல சிபியு பக்கத்துல ஸ்பீடுன்னு ஒண்ணு காட்டும், லோடு 100ல இருக்கறப்போ அது 1 கிகாஹெர்ட்ஸ் கிட்ட எறங்குனா ஒண்ணு பவர் செட்டிங், இல்ல சூடு. மெத்தை மேல வச்சு எடிட் பண்ற ஆளா இருந்தா முதல்ல அத விடுங்க.

பாடுகளம்:
ஹா ஹா மெத்தை தான், எப்படி தெரிஞ்சுது 😄 டேபிளுக்கு மாத்திட்டு சார்ஜர் போட்டு ப்ராக்ஸியும் ஆன் பண்ணேன். ரெய்டு எல்லாம் இப்ப சூப்பரா ஓடுது அண்ணே. ஆனா கேப்டன் பேசுற நீளமான கிளிப்ல மட்டும் போகப் போக வாய் ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம். டைட்டில் வர்ற இடத்துல பிளர் போட்டிருக்கேன், அங்கயும் லேசா திக்குது.

வெட்டிஒட்டி:
வாய் சத்தம் விஷயத்துக்கு காரணம் அந்த வேரியபிள் ஃப்ரேம் ரேட். வெளிச்சம் கொறஞ்சா ஃபோன் ஃப்ரேமையும் கொறச்சுக்கும், டைம்லைன் ஒரே வேகத்துல எதிர்பாக்கும். அந்த கிளிப்போட ப்ராப்பர்டீஸ்ல எடிட் ஃப்ரெண்ட்லியா கன்வெர்ட் பண்ற ஆப்ஷன் இருக்கு, முதல் சாய்ஸே போதும், ஃபைல் சைஸ் நல்லா ஏறும், அதனால டிஸ்க்ல இடம் பாத்துக்கங்க. உண்மைய சொன்னா ஃபைல உள்ள போடும்போதே ஷாட்கட் இதை கேக்கும், நாம தான் பாக்காம அமுக்கிட்டு போயிடுவோம்.

பிளருக்கு ப்ராக்ஸி இருந்தும் சிபியு வேலை செஞ்சு தான் ஆகணும். கட் பண்ற வரைக்கும் அந்த ஃபில்டர் டிக் எடுத்து வைங்க, கடைசில போட்டுக்கலாம்.

சிவப்புசட்டை:
அப்ப 16 ஜிபி வேணாமா 😅

வெட்டிஒட்டி:
பிரவுசர்ல அம்பது டேப் தொறந்து வச்சுக்கிட்டே எடிட் பண்றவருக்கு வேணும் 😄 இவருக்கு இருக்கற மெமரியே ஃபுல் ஆகலையே.

பாடுகளம்:
கன்வெர்ட் பண்ணதுல வாய் சத்தம் ஒட்டிருச்சு. கடைசியா ஒண்ணு, எக்ஸ்போர்ட் முடிஞ்சதும் ப்ராக்ஸி ஃபைல எல்லாம் அழிச்சுடலாமா?

வெட்டிஒட்டி:
தாராளமா. ஆனா கன்வெர்ட் பண்ண அந்த கேப்டன் கிளிப்ப அழிச்சுடாதீங்க, அது ப்ராக்ஸி இல்ல, உங்க புராஜக்ட் இப்ப அதைத்தான் புடிச்சிருக்கு.