நிர்வாணாவின் ‘லவ் பஸ்’ சிங்கிள்: அசல் என்று எப்படி உறுதிசெய்வது?

கருந்தட்டு:
வணக்கம் நண்பர்களே. அமெரிக்க ராக் குழுவான நிர்வாணாவின் முதல் சிங்கிளான ‘லவ் பஸ்’ ஒரு பிரதி விற்பனைக்கு வந்திருக்கிறது. 1988 நவம்பரில் சியாட்டிலின் சப் பாப் என்ற இசை நிறுவனம் வெளியிட்ட, இரண்டே பாட்டுகள் கொண்ட ஏழு அங்குல இசைத்தட்டு. சந்தாதாரர்களுக்காக அவர்கள் தொடங்கிய சிங்கிள்ஸ் கிளப்பின் முதல் வெளியீடு. மொத்தம் 1,000 பிரதிகளுக்குக் கையால் எண் எழுதினார்கள் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் இருக்கும் விற்பனையாளர் உறையை மட்டும் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். தட்டைக் காட்டுங்கள் என்றால், “எண்தான் இருக்கிறதே, அது போதாதா?” என்கிறார்.

நான் இந்தக் குழுவைக் கேட்கத் தொடங்கியபோது அதன் பாடகர் கர்ட் கோபெய்ன் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இவர்களை உலகம் அறியாத காலத்தில் அச்சான ஒரு தட்டைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பணம் போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். போலியை அசல் என்று நம்பிப் பாதுகாத்துக்கொண்டிருப்பதுதான் கொடுமை. அவரிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும்? வாங்கினால் ஒலிக்கவிடலாமா, அப்படியே வைத்திருப்பதுதான் முறையா?

ஊசிமுனை:
எண்ணை நம்பாதீர்கள். பேனா எல்லோரிடமும் இருக்கிறது. போலிகள் நிறைய உலவும் தட்டு இது.

நீங்கள் பார்க்க வேண்டியது, பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் இருக்கும் வளையத்தை. அசலில் ‘லவ் பஸ்’ பக்கத்தில் அங்கே ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பொறித்திருக்கும். “அந்தக் கிட்டார்களைக் கொடுத்துவிட்டு மண்வெட்டி வாங்கிக்கொண்டால் என்ன?” என்பது அதன் பொருள். மூலத்தட்டில் கீறியது ஒவ்வொரு பிரதியிலும் அப்படியே பதிந்து வருகிறது. நேர் வெளிச்சத்தில் படமெடுத்தால் கண்ணுக்குத் தட்டுப்படாது. விளக்கைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, தட்டை மெல்லச் சாய்த்தபடி காணொளி எடுக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் நகர நகர எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பளிச்சிட்டு மறையும்.

வாக்கியம் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இருப்பதாலேயே அசல் ஆகிவிடாது, அதையும் நகலெடுக்க முடியும். ஐயத்துக்கு இடமில்லாத ஒரு பிரதியின் படத்தை அருகில் வைத்து, எழுத்துகளின் சாய்வையும் இடைவெளியையும் ஒப்பிடுங்கள். உறையையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஆலிஸ் வீலர் எடுத்த படம் அது. அச்சான உறையை ஸ்கேன் செய்து திரும்ப அச்சிட்டால் பொடி எழுத்துகளின் விளிம்பு கலங்கும், நிழல் விழுந்த இடங்கள் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்ளும்.

ஒலிக்கவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் ஒலிக்கவிடுங்கள். தூசியைத் துடைத்து, தேயாத ஊசியில் போட்டால் பெரிதாக எதுவும் ஆகாது. இந்தத் தட்டில் ‘லவ் பஸ்’ நேராகத் தொடங்குவதில்லை. கோபெய்ன் ஒட்டிச் சேர்த்த ஒலித்துணுக்குகள் முதலில் சில நொடிகள் வருகின்றன, அதன் பிறகுதான் குழுவின் நொவொசெலிக் வாசிக்கும் பேஸ் கிட்டார் நுழைகிறது. 1989இல் வந்த ‘ப்ளீச்’ தொகுப்பில் அந்தத் தொடக்கம் இல்லை. ஷாக்கிங் புளூ என்ற டச்சுக் குழுவின் பாட்டை எடுத்துக்கொண்டு, அதன் வாசலிலேயே தன் கைவேலையை வைத்திருக்கிறார். எனக்கு இந்தத் தட்டின் உயிரே அந்தச் சில நொடிகள்தான். அதைக் கேட்காமல் பூட்டி வைக்க எனக்கு மனம் வராது.

தண்டவாளம்:
ஊசிமுனை ஐயா சொல்வதை ஏற்கிறேன், ஆனால் இவ்வளவு செலவு தேவையா என்று நண்பர் ஒருமுறை யோசிக்கலாம். பாட்டு மட்டும் போதுமென்றால் ‘ப்ளீச்’ இருக்கிறது. பழைய பதிப்பாகத் தேடினால் ஒன்றைக் கவனியுங்கள்: அமெரிக்கத் தட்டில்தான் ‘லவ் பஸ்’ உண்டு. பிரிட்டனில் முதலில் வந்த தட்டில் அதன் இடத்தில் ‘பிக் சீஸ்’ என்ற வேறு பாட்டு இருக்கும்.

கருந்தட்டு:
இருவருக்கும் நன்றி. தண்டவாளம், ‘ப்ளீச்’ என்னிடம் இருக்கிறது. அதில் இல்லாத அந்தத் தொடக்கத்தைப் பற்றிப் படித்த பிறகு ஆசை இன்னும் கூடிவிட்டது. காணொளி கேட்டிருக்கிறேன், அனுப்புவதாக ஒப்புக்கொண்டார். நெடுங்காலமாகத் தடித்த, பளபளப்பான பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்ததாகவும் சொன்னார். அது நல்லதுதானே?

ஊசிமுனை:
நல்லதில்லை. அந்தப் பிளாஸ்டிக் பிவிசி என்றால் கவலைப்பட வேண்டிய விஷயம். அதை வளைந்துகொடுக்க வைப்பதற்காகச் சேர்க்கும் வேதிப்பொருள் நாளடைவில் கசிந்து தட்டில் படியும். கறுப்பின் மேல் பால் சிந்தித் துடைத்ததுபோல் ஒரு மங்கல் தெரியும். கழுவினாலும் முழுதாகப் போகாது, ஒலிக்கும்போது இரைச்சலாகவும் கேட்கலாம். அதே காணொளியில் இரண்டு பக்கத்தின் முழுப் பரப்பையும் காட்டச் சொல்லுங்கள். மங்கல் இருந்தால், அசலாகவே இருந்தாலும் விலையைக் குறைத்துக் கேட்கத் தயங்காதீர்கள். உங்கள் கைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பாலிப்ரொப்பிலீன் உறைக்கு மாற்றுங்கள். அட்டை உறையைத் தனியாக வைத்து, தட்டை வேறு உள்ளுறையில் போட்டுச் செங்குத்தாக நிறுத்துங்கள். அட்டையின் விளிம்பில் தட்டின் வட்டம் அழுந்தாமல் இருக்கும்.

காணொளி வந்ததும், வாக்கியம் தெரியும் இடத்தில் நிறுத்தி ஒரு படம் இங்கே போடுங்கள். ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பணம் அனுப்ப வேண்டாம்.