அடுத்து என்ன படிக்கலாம்? பட்டியல் வேண்டாம், புத்தகம் கொடுத்தவரைப் பற்றிச் சொல்லுங்கள்

பனிப்புகை (குன்னூர்)

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் முடித்து மூன்று மாதம் ஆகிறது. அதன் பிறகு எதை எடுத்தாலும் இருபது பக்கம் தாண்டவில்லை. யாரிடம் கேட்டாலும் சிவகாமியின் சபதம், பார்த்திபன் கனவு, பிறகு கடல் புறா என்று அதே வரிசையில் சொல்கிறார்கள். மருந்துக் கடையில் காய்ச்சல் என்றதும் அட்டையிலிருந்து நான்கு மாத்திரை வெட்டிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி.

போன வாரம் கோத்தகிரி பஸ்ஸில் போனேன். கட்டபெட்டுக்கு முன்னால் மரம் விழுந்து ஒன்றரை மணி நேரம் வண்டி நகரவில்லை. பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா ஸ்வெட்டரைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். பேச்சு எப்படியோ புத்தகத்துக்கு வந்தது. என் கதையைச் சொன்னேன். எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று அவர் கேட்கவே இல்லை. "முடித்த பிறகு யாரை விட்டுப் பிரிந்தது போல இருக்கிறது?" என்றார். யோசிக்காமல் படகுக்காரப் பெண் பூங்குழலி என்றேன்.

"அப்படியானால் ராஜாக்களை விட்டுவிடுங்கள். துடுப்புப் போடுகிறவர்களைப் பற்றிப் படியுங்கள்."

மரத்தை அறுத்து முடித்தார்கள், வண்டி கிளம்பியது, அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். புத்தகப் பெயர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கையில் இருந்ததற்கும் செய்தித்தாள் அட்டை போட்டிருந்தது!

ஆகவே இங்கே கேட்கிறேன். பட்டியல் போடாதீர்கள். உங்களுக்கு ஒரு புத்தகத்தை யார் கொடுத்தார்கள், எப்படிக் கொடுத்தார்கள் என்று எழுதுங்கள்.

கொழுந்துக்கூடை (கோத்தகிரி)

என் விஷயத்தில் புத்தகத்தைக் கொடுத்தவள் நான், வாங்கிக்கொண்டவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். பரவாயில்லையா?

என் அப்பாயி சிலோனிலிருந்து வந்தவர். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதிக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் அப்பாயியும் ஒரு தலை. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து இந்த மலை. அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கூடை. இங்கே எங்களைச் சிலோன்காரர்கள் என்பார்கள். அங்கே இருந்தபோது இந்தியாக்காரர்கள் என்றார்களாம்.

கல்லூரியில் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' பாடமாக வந்தது. பரீட்சைக்காக வாய்விட்டுப் படிப்பது என் பழக்கம். அப்பாயி அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தார். மருதி ஊரை விட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற இடம் வந்ததும் வெற்றிலை இடிப்பது நின்றுவிட்டது. வாட்டர்பாலம் என்று தோட்டத்தின் பெயரைப் படித்தேன்.

"அது எந்தப் பக்கம்? ஹட்டனா, பதுளையா?"

கதையில் வரும் பெயர் அப்பாயி என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தனக்குத் தெரிந்த தோட்டங்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். நாவலப்பிட்டிப் பக்கம் இருக்கும் என்று தானே முடிவு செய்துகொண்டு, "ம், படி" என்றார்.

அன்று அந்தக் கதையை முடிக்க நான்கு மணி நேரம் ஆனது. ஒரு பக்கம் நான் படிப்பேன், மூன்று பக்கம் அப்பாயி சொல்வார். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் எண்ணும் இடத்துக்கு, ஒரு நிமிடம் பிந்தினால் அரைப் பெயர், அரை நாள் கூலிதான். லயம் என்ற வரிசை வீட்டில் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு குடும்பம். ஆள் மேய்க்கும் கங்காணியைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். மருதிக்கு நடந்தது தன் சொந்த அக்காவுக்கு நடந்தது போல அழுதார். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கேட்காத கதைகள் அவை. அப்பாவுக்கே தெரியாது.

பரீட்சையில் அந்தக் கேள்வி வரவில்லை.

அதற்குப் பிறகு அப்பாயிக்கு அடுத்த புத்தகம் தேடுவது என் வேலையாகிவிட்டது. இலங்கை மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் சிறுகதைகளைப் படித்துக் காட்டினேன். இரண்டாவது கதையிலேயே, "இவன் நம்ம ஆள்" என்றார். புதுமைப்பித்தனை அவர் அப்படிச் சொன்னதில்லை. அவருக்கு அழுதார், இவருக்குச் சிரித்தார். தோட்டத்துப் பிள்ளை எழுதினால் லயத்தில் சிரிப்பும் இருந்தது என்று தெரியும் போலிருக்கிறது. நான் மூன்று வருடம் இலக்கியம் படித்தும் எனக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை.

பனிப்புகை, பூங்குழலி படகு விட்டதும் அதே இலங்கைக் கடல்தான். உங்கள் பஸ் அம்மா எதை நினைத்துச் சொன்னாரோ எனக்குத் தெரியாது. நீங்கள் அந்தக் கடலை இன்னொரு முறை கடந்து பாருங்கள்.

ஹட்டிப் பெண் (மஞ்சூர்)

ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' நாவலை நான் வெகுகாலம் தொடவே இல்லை. வெளியிலிருந்து வந்தவர் படுகர்களான எங்களைப் பற்றி எழுதியது, அதில் என்ன இருக்கப் போகிறது என்ற வீம்பு. மாமா குந்தா மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் என் மடியில் புத்தகத்தைப் போட்டு, "திட்டுவதாக இருந்தால் படித்துவிட்டுத் திட்டு" என்றார்.

படித்தேன், திட்டவும் செய்தேன். கதைநாயகன் ஜோகி பேசும்போது என் காதில் எங்கள் படுக மொழி விழவில்லை. சில சொற்கள் வருகின்றன, ஆனால் வாக்கியம் தமிழாகவே நடக்கிறது. சில சடங்குகளைப் பற்றி என் பெரியம்மா இன்றும் சண்டைக்கு வருவார்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சாமையும் ராகியும் விளைந்த நிலம் தேயிலையானதையும், அணைக்கட்டு வந்து நிலத்தை எடுத்துக்கொண்டதையும், சம்பளம் என்ற சொல் எங்கள் ஊரான ஹட்டிக்குள் நுழைந்ததையும் நான் வரிசையாகத் தெரிந்துகொண்டது அந்தப் புத்தகத்தில்தான். எழுத்தாளரின் கணவர் மின்துறைப் பொறியாளர். அணை கட்டிய பக்கத்திலிருந்து வந்த ஒருவர், அணையால் நிலம் போனவன் பக்கம் போய் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். வந்த வருடம் 1963. அந்த அணைத் தண்ணீரில் எரியும் விளக்கின் கீழேதான் நானும் படித்தேன், மாமா வாங்கிய சம்பளமும் அதில்தான் வந்தது. நான் யார் பக்கம் என்று இன்னும் எனக்கே தெரியவில்லை. மாமாவிடம் கேட்டால் டீ போடப் போய்விடுகிறார்.

மழைக்கொடை (கொடைக்கானல்)

நீலகிரிக்காரர்களே பேசிக்கொண்டிருக்கிறீர்களே என்று பழனி மலையிலிருந்து ஒரு சிறு குரல்.

நான் தங்கும் விடுதி ஒன்றில் வரவேற்பில் இருக்கிறேன். ஒரு விருந்தாளி அறையில் இயற்கையைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' தொகுப்பை விட்டுவிட்டுப் போனார். தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். "தெரிந்தேதான் வைத்தேன். காலையில் விசில் அடிக்கிற பறவை எது என்று கேட்டேன், உங்களுக்குத் தெரியவில்லையே" என்றார். அவமானமாகத்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து கேட்கும் குரல் அது. சீகாரப் பூங்குருவி என்று இப்போது தெரியும். தியடோர் பாஸ்கரன் தொகுத்த புத்தகம், சின்னச் சின்னக் கட்டுரைகள், வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. இருபது பக்கத்தில் நின்றுவிடுகிறவர்களுக்குச் சரியாக இருக்கும்.

இங்கே ஐப்பசி மழையில் புத்தகம் பூசணம் பிடிக்கும். வெயில் வந்த அன்றே காயப்போட்டுவிடுங்கள்.

இரவுப் பணி (ஊட்டி)

எல்லோரும் நன்றாக முடிந்த கதைகளையே சொல்கிறீர்கள். நான் தப்பாகக் கொடுத்ததைச் சொல்கிறேன்.

நான் செவிலியர். கால் எலும்பு முறிந்து படுத்திருந்த ஒருவர், பொழுது போகவில்லை, படிக்க ஏதாவது கொடுங்கள் சிஸ்டர் என்றார். என் பையில் இருந்தது ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி'. கொடுத்துவிட்டு மற்ற கட்டில்களைப் பார்க்கப் போய்விட்டேன். வீரப்பன் தேடுதலில் ஒரு மலைக் கிராமம் பட்ட பாடு அது. சித்திரவதைப் பக்கங்களை நான் பகலில், வெளிச்சத்தில், இடைவெளி விட்டுப் படித்தவள். அவர் இரவு இரண்டு மணிக்கு மணியை அடித்தார். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. மருத்துவரிடம் நான் என்ன சொல்வது?

அன்றிலிருந்து, கேட்பவர் எந்த நேரத்தில், எங்கே படுத்துக்கொண்டு படிக்கப் போகிறார் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். மறுநாள் அதை வாங்கிக்கொண்டு கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' கொடுக்கலாம் என்று போனேன். தர மாட்டேன் என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். டிஸ்சார்ஜ் ஆகும்போது கையோடு கொண்டும் போய்விட்டார். இரண்டு வருடம் ஆகிறது, புத்தகம் வரவில்லை.

மசினகுடி ஜீப்

நான் அதிகம் படிக்கிறவன் இல்லை. வண்டியில் வந்த ஒரு பெரியவர் ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கொடுத்தார். ஒரே கதைதான், நூறு பக்கம்கூட வராது. யானைகளுக்கு வைத்தியம் பார்த்த கால்நடை மருத்துவர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியைப் பற்றியது. முதுமலைப் பக்கம் வயதான பாகன்களிடம் கேளுங்கள், டாக்டர் கே என்றால் இன்றும் கதை கதையாகச் சொல்வார்கள்.

உடைந்த பீர் பாட்டில் யானையின் காலில் ஏறி, அது நடக்க முடியாமல் போகிற இடத்தைப் படித்துவிட்டு வண்டியிலிருந்து இறங்கி நின்றேன். அந்தப் பெரியவருக்கு முன்பு வந்த கும்பல் என் ஜீப்பிலிருந்துதான் பாட்டிலை வீசியது. வாடகை போய்விடுமே என்று பார்த்துக்கொண்டு இருந்தவன் நான். உயர் நீதிமன்றம் சொல்லி, 2022 மே மாதத்திலிருந்து எங்கள் மாவட்டத்தில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். ஆனாலும் பத்து ரூபாயை ஒரு பொருட்டாக நினைக்காதவர்கள் வருகிறார்கள். இப்போது என் வண்டியில் ஒரு சாக்குப் பை உண்டு. புத்தகத்தையும் முன்னால் வைத்திருக்கிறேன். எடுத்துப் புரட்டுகிறவர்களிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுப்பேன்.

அடுத்து என்ன படிக்கலாம் என்று எனக்கும் யாராவது சொல்லுங்கள். சின்னதாக இருக்க வேண்டும்.

மழைக்கொடை (கொடைக்கானல்)

ஜீப் அண்ணா, மா. கிருஷ்ணன்தான். ஒரு கட்டுரை ஒரு டீ குடிக்கும் நேரம். உங்கள் முகவரியை எனக்குத் தனியாக அனுப்புங்கள், நான் காயப்போட்டு அனுப்புகிறேன்.

பனிப்புகை (குன்னூர்)

இன்று நூலகம் போனேன். 'குறிஞ்சித்தேன்' வெளியே போயிருக்கிறது. யார் எடுத்தது என்று நூலகர் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. நானாகவே கட்டபெட்டு அம்மாதான் என்று நினைத்துக்கொண்டேன். புதுமைப்பித்தன் கதைகள் தொகுப்பு இருந்தது, எடுத்து வந்துவிட்டேன். கனமான புத்தகம், போர்வைக்குள் பிடித்தால் கை வலிக்கிறது.

மணி பதினொன்றரை. மருதி வாட்டர்பாலம் வந்து சேர்ந்துவிட்டாள். கொழுந்துக்கூடை, உங்கள் அப்பாயி எந்தப் பக்கம் என்று சொன்னார்? நாவலப்பிட்டியா?