மேற்குப் பார்த்த ஜன்னல், ஏசி ரூம்: செல்லுலார் ஷேடு போட்டால் சூடு குறையுமா?

பெருமாள்புரத்தான்:
பாளையங்கோட்டையில் மாடி வீடு. படுக்கையறைக்கு மேற்குப் பக்கம் பெரிய யூபிவிசி ஸ்லைடிங் ஜன்னல், ஒற்றைக் கண்ணாடி, உள்பக்கம் கிரில். சன்ஷேடு இருந்தும் மூன்று மணிக்கு மேல் வெயில் அதற்குக் கீழே நுழைந்து கட்டில் வரை வந்துவிடுகிறது. சாயங்காலம் கண்ணாடியில் கை வைக்க முடியாது, ஏசி ஓடிக்கொண்டே இருக்கிறது, இ.பி. பில் வந்தால் வீட்டில் ஒரே சத்தம். கடையில் தேன்கூடு மாதிரி மடிப்பு வைத்த செல்லுலார் ஷேடைக் காட்டி, டபுள் செல் (மடிப்புக்குள் இரண்டு அடுக்கு அறை) எடுத்தால் 40 சதவீதம் சூடு குறையும் என்கிறார்கள். ரோலர் பிளைண்டைவிட விலை ரொம்பக் கூட. எடுக்கலாமா?

வண்ணார்பேட்டை:
தம்பி, அந்த 40 சதவீதம் குளிர் நாட்டுக் கணக்கு. இடைவெளி இல்லாமல் பொருத்தினால், குளிர்காலத்தில் ஜன்னல் வழியாக வெளியே போகிற சூட்டை அவ்வளவோ அதற்கு மேலோ தடுக்கும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்வது. நம் வீட்டுச் சூடு வெளியே போனால் நமக்கு நல்லதுதானே! கோடைக்கு அவர்கள் சொல்வது வேறு: வெயிலால் வரும் சூட்டை 80 சதவீதம் வரை குறைக்கலாம், ஆனால் அதற்கும் இறுக்கமாகப் பொருத்தியிருக்க வேண்டும்.

ஷேடு மடிப்பின் தேன்கூட்டு அறைகளில் நிற்கும் காற்றுதான் சூட்டை மெதுவாகக் கடத்துகிறது. இரண்டடுக்கு காற்று என்றால் இன்னும் மெதுவாக. ஆனால் வெளியே 38, உள்ளே 26 என்றால் வித்தியாசம் 12 டிகிரிதான், பனி விழும் ஊரில் அது 30, 40 வரை போகும். இங்கே ஆளை வாட்டுவது நேராக விழுகிற வெயில். அதனால் சிங்கிள் செல் போதும், கண்ணாடிப் பக்கம் வெள்ளையாக, வெளிச்சம் புகாத பிளாக்அவுட் துணியாகப் பார். மிச்சக் காசில் இரண்டு பக்கமும் சைடு சேனல் (ஷேடின் ஓரத்தை மூடிப் பிடிக்கும் பட்டை) போடச் சொல். அது இல்லாவிட்டால் ஓரத்தில் விரல் அகலத்துக்கு வெயில் கோடு விழும், சூடான காற்றும் அந்தச் சந்து வழியாகவே ரூமுக்குள் வரும்.

ஏசி மெக்கானிக்:
அண்ணாச்சி சொல்வது சரி, ஆனால் உள்ளே என்ன மாட்டினாலும் வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகுதான் தடுக்கிறீர்கள். வெளியே மறைப்பதுதான் முதல் வேலை. மேற்கு ஜன்னலுக்கு வெளியே சாய்ப்பு இறக்கினால் 77 சதவீதம் வரை குறையும் என்று அதே துறை சொல்கிறது. மூங்கில் தட்டியோ பச்சை வலையோகூடப் போதும், செலவும் கம்மி.

பெருமாள்புரத்தான்:
தட்டி கட்டிப் பார்த்தாச்சு. ஆனி, ஆடிக் காற்றில் ராத்திரி முழுக்க சுவரில் அடித்துக்கொண்டே கிடக்கும், தூங்க முடியாது. மாடி வேறு, அவிழ்ந்தால் வெளியே போய்க் கட்ட முடியாது. கிரில்லுக்கும் உள்சுவர் விளிம்புக்கும் நடுவே இரண்டரை இஞ்ச்தான் இருக்கிறது, ஷேடு உட்காருமா?

வண்ணார்பேட்டை:
எடுக்கப்போகிற மாடலின் ஹெட்ரெயில், அதாவது ஷேடு தொங்கும் மேல் சட்டத்தின் ஆழத்தைக் கடையில் கேட்டுவிட்டு, ஜன்னல் லாக்கின் கைப்பிடி கிரில்லைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார், மடிப்பு அதில்தான் சிக்கும். அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து சிறியதைக் கொடு. நம்மூர்ப் பூச்சு வேலை எங்கேயும் ஒரே நேராக இருந்ததில்லை. உள்ளே உட்காராது என்றால் சுவர்மேல் மாட்டு, இரண்டு பக்கமும் இரண்டு மூன்று இஞ்ச் கூடுதலாக விட்டு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கயிறு இல்லாத மாடல்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று, வெயில் விழுவதற்கு முன்னாலேயே, இரண்டு மணிவாக்கில் இறக்கிவிடு. அஞ்சு மணிக்கு இறக்கிப் பிரயோஜனம் இல்லை.

மேலப்பாளையம் அக்கா:
தூசியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மடிப்பு ஓரம் திறந்திருக்கும், பூச்சி உள்ளே போய்ச் செத்து, வெளிச்சத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். ஹேர் டிரையரைச் சூடில்லாமல் வைத்து ஒரு முனையிலிருந்து ஊதினால் வந்துவிடும். துவைக்கவெல்லாம் போடாதீர்கள்.

பெருமாள்புரத்தான்:
சரி, சைடு சேனலோடு சிங்கிள் செல் விலை கேட்கிறேன். ஹாலுக்கும் சேர்த்துப் போடலாமா அண்ணாச்சி? அங்கே ஏசி கிடையாது.

வண்ணார்பேட்டை:
ஹாலுக்கு வேண்டாம் தம்பி. சாயங்காலக் காற்று வருகிற ஜன்னலை அடைத்துவிட்டு அப்புறம் ஃபேன் போட்டு உட்கார்வதா? அங்கே ஒரு வெளிர்நிறப் பருத்தித் திரை போதும்.